சாகாவரம் வரமா, சாபமா? பள்ளிப் பட்டிமன்றத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் முறை

பள்ளி இலக்கிய மன்றத்தில் பட்டிமன்றம் என்றதும் தலைப்புக்குப் பஞ்சம் வந்துவிடும். செல்பேசி நன்மையா தீமையா, கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்று அதே நான்கைந்து சுற்றிச் சுற்றி வரும். மேடையில் நிற்கும் பிள்ளை அடுத்த வரியை மறந்தால் கீழே உட்கார்ந்திருப்பவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். நான் தர்மபுரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் விரும்பிக் கொடுக்கும் தலைப்பு, சாகாமல் வாழ்வது வரமா, சாபமா என்பது. இதற்கு அறிவியல் வேண்டும், புராணம் வேண்டும், சங்கப் பாட்டு வேண்டும், வீட்டில் வயதானவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவமும் வேண்டும். எல்லாமே பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எட்டக்கூடியவை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் உரிமையும் உண்டு. தர்மபுரிதான் பழைய தகடூர். சாவை விலக்கும் கனி கையில் கிடைத்தும் அதைத் தான் தின்னாமல் இன்னொருவருக்குக் கொடுத்த அதியமான் ஆண்ட ஊர்.

அணிக்கு மூன்று பேர், ஒரு நடுவர், ஆளுக்கு ஐந்து நிமிடம், மறுப்புரைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தயாரிப்புக்கு இரண்டு வாரம் கிடைத்தால் நல்லது.

பெயர் வாங்கும் முன்

தலைப்பைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது சாவைப் பற்றிய பேச்சு. யார் வீட்டில் அண்மையில் துக்கம் நடந்தது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுத் தலைப்பைச் சொல்லி, ‘பேசுறியா, இல்ல இந்த முறை நேரம் பார்த்து மணி அடிக்கிறியா’ என்று கேளுங்கள். ஒதுக்கி வைத்ததாகவும் இருக்கக் கூடாது, இழுத்து விட்டதாகவும் இருக்கக் கூடாது.

அப்பாவை இழந்த ஒரு மாணவியிடம் இப்படிக் கேட்டேன். ‘வரம் அணியில பேசுறேன் டீச்சர்’ என்றாள். ஏன் கண்ணு என்றதற்கு, ‘சாகாம இருந்தா சலிச்சுப் போயிடும், பூமி தாங்காதுன்னு எல்லாரும் சொல்வாங்க. நான் எங்கப்பாவுக்கு ஆயிரம் வருஷம் கேக்கல. என் பத்தாவது ரிசல்ட் வர்ற வரைக்கும்தான் கேட்டேன்’ என்றாள்.

இந்தத் தலைப்பில் நான் கேட்ட வாதங்களிலேயே கனமானது அதுதான். சாகாவரத்தை யாரும் மொத்தமாகக் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்கிறோம். அந்தக் கொஞ்சம் கிடைத்தால் அதற்கடுத்த கொஞ்சம். நாம் உயிராய் நினைக்கும் ஒருவருக்கு, ‘சரி, இந்த நாளோடு போதும்’ என்று நாமே நாள் குறிப்போமா? மாட்டோம் என்றால், நாம் கேட்டுக்கொண்டிருப்பது சாகாவரத்தைத்தான். வரம் அணிக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் தன் துக்கத்தை மேடையில் சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். கைதட்டல் விழும் என்பதற்காக நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. அந்த மாணவி மேடையில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நமக்கு வேண்டிய ஒருவர்’ என்றே கடைசிவரை பேசினாள். நானும் அதை மாற்றச் சொல்லவில்லை.

நிபந்தனையைப் பேசி முடியுங்கள்

இந்தத் தலைப்பில் பல பட்டிமன்றங்கள் கெட்டுப்போவது ஒரே காரணத்தால். வரம் அணி என்றும் இளமையோடு இருப்பதைப் பேசும். சாபம் அணி படுத்த படுக்கையாகக் கிடப்பதைப் பேசும். இருவரும் இரண்டு வேறு தலைப்புகளில் பேசிவிட்டு இறங்குவார்கள். அதனால் முதல் நாள் பேச்சு எழுதவே விடாதீர்கள். கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதுங்கள். மூப்பு உண்டா, இல்லையா? ஒருவருக்கு மட்டும் கிடைக்கிறதா, எல்லாருக்குமா? போதும் என்று தோன்றினால் விட்டுவிட முடியுமா?

ஒவ்வொன்றுக்கும் கதை இருக்கிறது. மூப்புக்குக் கிரேக்கக் கதை ஒன்று. விடியலின் தேவதையான ஈயோஸ், தித்தோனஸ் என்ற மனிதனை விரும்பினாள். அவனுக்குச் சாகாவரம் வேண்டும் என்று சியூஸிடம் கேட்டாள். இளமையைச் சேர்த்துக் கேட்க மறந்துவிட்டாள். அவன் கிழண்டு, சுருங்கி, கை கால் அசைக்க முடியாமல் போய்க் கடைசியில் குரல் மட்டும் மிஞ்சியது. சிள்வண்டாக மாறிவிட்டான் என்றும் சொல்வார்கள். இதற்கு நேர் எதிர்க்கதை திருக்கடையூரில் இருக்கிறது. மார்க்கண்டேயன் கேட்காமலே கிடைத்தது என்றும் பதினாறு. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் அந்தக் கோயிலுக்குப் போய்வந்த குடும்பம் வகுப்பில் நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளையைச் சொல்லவிடுங்கள்.

இரண்டாம் கேள்விக்கு அசுவத்தாமன். பாண்டவர் பாசறையில் தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகளை இரவில் கொன்று, உத்தரையின் வயிற்றில் இருந்த கருவின் மேலும் அம்பை ஏவியவன். கண்ணன் அவனுக்கு விதித்தது மூவாயிரம் ஆண்டு வாழ்க்கை. துணை இல்லாமல், யாரோடும் பேச முடியாமல், சீழும் இரத்தமும் நாற, காட்டில் அலைய வேண்டும். சிரஞ்சீவிகள் எழுவர் என்று நாம் வரிசையாகச் சொல்லும்போது அதில் அசுவத்தாமனும் இருக்கிறான், அனுமனும் இருக்கிறான். அனுமனுக்கு, இராமன் கதை உலகில் சொல்லப்படும் வரை உயிரோடு இருக்கும் பேறு. ஒரே பட்டியலில் ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவருக்குப் பரிசு. இருவருக்கும் ஆண்டுக்கணக்கில் பஞ்சமில்லை. அனுமனுக்குக் கேட்கக் கதையும் சுற்றிலும் ஆட்களும் இருக்கிறார்கள், அசுவத்தாமனுக்கு ஒருவரும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாம் கேள்விக்குப் பீஷ்மர். அவர் பெற்றது சாகாவரம் இல்லை, நினைத்தபோது உயிர்விடும் வரம். அம்புப் படுக்கையில் கிடந்து உத்தராயணம் வரும்வரை காத்திருந்தார். அப்படி ஒரு கதவு இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சாபம் அணியின் பாதி வாதங்கள் நிற்கும் அல்லது விழும்.

மூன்றையும் பேசிய பிறகு இரு அணிகளும் சேர்ந்து ஒரு நிபந்தனையை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பரிந்துரைப்பது இதுதான்: மூப்பு கிடையாது, ஒரே ஒருவருக்கு மட்டும் கிடைக்கிறது, திருப்பிக் கொடுக்க முடியாது. இதில்தான் இரு பக்கமும் சமபலத்தோடு மோதுகின்றன. மூப்பு உண்டு என்று வைத்தால் சாபம் அணி பேசாமலே ஜெயித்துவிடும்.

அறிவியலில் ஒன்று போதும்

ஆளுக்கு ஓர் அறிவியல் செய்திக்கு மேல் விடாதீர்கள். அந்த ஒன்றையும், அறிவியல் ஆசிரியர் குறுக்கே கேள்வி கேட்டாலும் தடுமாறாமல் விளக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்த சில இங்கே.

மனித உடலின் சாதாரண உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்தால் சுமார் 40 முதல் 60 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன. லியோனார்ட் ஹேஃப்ளிக் 1961-ல் இதைக் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் கொஞ்சம் குறைகிறது. அந்த நுனியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அப்படியானால் நுனி குறையாமல் பார்த்துக்கொண்டால் போதுமே என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். புற்றுநோய் உயிரணுக்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன.

இங்கே ஹென்ரியட்டா லாக்ஸ் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் 1951-ல் இறந்த கறுப்பினப் பெண். வயது 31. அவருடைய கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஹீலா என்ற பெயரில் இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அவைதான் உதவின. எடுக்கும்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை. வரம் அணி இதை எடுத்து, சாகாத உயிரணு எத்தனை குழந்தைகளின் காலைக் காப்பாற்றியது பாருங்கள் என்று பேசலாம். சாபம் அணி, சாக மறுத்த அந்த உயிரணுதான் அந்தத் தாயைக் கொன்றது என்று பேசலாம். இப்படி இரு பக்கமும் கைவைக்கக்கூடிய செய்தி கிடைப்பது அரிது. எந்த அணி எடுத்தாலும் அந்தப் பெண்ணின் பெயரை முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது என் கட்டளை.

டுரிடாப்சிஸ் என்ற சின்ன ஜெல்லிமீன் அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ மறுபடி இளம்பருவத்துக்குத் திரும்பிவிடும். இதைச் சாகாத மீன் என்று கூவவிடாதீர்கள். வேறொன்று பிடித்துத் தின்றால் செத்துத்தான் போகும்.

நெடுநாள் வாழ்ந்த மனிதர் வேண்டும் என்றால், பதிவேடுகளின்படி எல்லாரையும்விட அதிகம் வாழ்ந்தவர் பிரான்சின் ஆர்ல் ஊரைச் சேர்ந்த ஜான் கால்மென்ட். 1875-ல் பிறந்து 1997-ல் இறந்தார், 122 வயது. அவருடைய ஒரே மகள் 1934-லும், ஒரே பேரன் 1963-லும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு 34 ஆண்டுகள் வாழ்ந்தார். சாபம் அணிக்கு இந்த மூன்று ஆண்டுகளே ஒரு முழுப் பேச்சு. வரம் அணிக்கு வேறு கணக்கு இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில்தான் இருந்தது. இன்று 70 அளவில் இருக்கிறது. அன்றைக்கு ஒரு கூலிக்காரர் எனக்கு 70 வேண்டும் என்றால் பேராசை என்றிருப்பார்கள். எந்த எண்ணிலிருந்து பேராசை தொடங்குகிறது என்று கேட்டால் எதிரணிக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

நெல்லிக்கனிக்கு ஒரு முழுப் பாடவேளை

அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை எல்லாப் பிள்ளையும் சொல்லும். பாட்டைப் படித்தவர் இருக்கமாட்டார்கள். புறநானூறு 91. அதை இரண்டு முறை உரக்கப் படித்துவிட்டு, கடைசி மூன்று வரியில் நிறுத்துங்கள்.

‘சிறியிலை நெல்லித் தீங்கனி குறியாது
ஆதல் நின்னகத்து அடக்கிச்
சாதல் நீங்க எமக்கீத் தனையே.’

பெரிய மலைப்பிளவில், ஏற முடியாத உச்சியில் கிடைத்த கனி. அதனால் வரும் நன்மையை உன் மனத்துக்குள்ளேயே மறைத்துக்கொண்டு, நான் சாகாமல் இருக்க எனக்குக் கொடுத்துவிட்டாயே. அவன் சொல்லாமல் கொடுத்தான் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஒளவை தின்றிருப்பாரா? இந்த ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நான் மேசைப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். ‘சொல்லியிருந்தா நீயே தின்னுன்னு திருப்பிக் கொடுத்திருப்பாங்க, அதனாலதான் சொல்லல’ என்று ஒரு பக்கம். ‘கேக்காம ஒருத்தருக்குச் சாகாம இருக்கிறதைக் கொடுக்கலாமா’ என்று இன்னொரு பக்கம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தும். கத்தட்டும். மூன்றாம் கேள்வி, அந்தக் கதவு, இங்கேயும் வந்துவிட்டது.

அதே பாட்டில் ஒளவை, நீலமணி போன்ற கழுத்தை உடைய சிவனைப் போல நீ நிலைத்து வாழ்வாயாக என்று அவனை வாழ்த்துகிறார். கனியைத் தின்றவர், தின்னாதவனைப் பார்த்துச் சொல்லும் வாழ்த்து. அது பலிக்கவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். அதியமான் போரில் இறந்தான். கனியைத் தின்றவர் மிஞ்சினார்.

இப்போது 232-ஐப் படியுங்கள். அதே ஒளவை, அதே அதியமான். இந்த முறை அவன் நடுகல்.

‘இல்லா கியரோ காலை மாலை
அல்லா கியர்யான் வாழும் நாளே.’

காலையும் மாலையும் இல்லாமலே போகட்டும்; நான் வாழப்போகும் நாள்கள் நாள்களாகவே இல்லாமல் போகட்டும். மயிற்பீலி சூட்டிய நடுகல் முன்னால் சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். சாவு விலகிய ஒருவர், என் வாழ்நாள் ஒழியட்டும் என்கிறார். பல முறை வகுப்பில் நடத்திய பாட்டு, இந்த இடம் வரும்போது எனக்கு இன்றும் குரல் கம்மும். பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும்.

இறந்தவரை நினைத்து ஆற்றாமல் பாடும் கையறுநிலைப் பாட்டு இன்னொன்று, 235. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று தொடங்கும். கள்ளானாலும் கனியானாலும் அவன் கை ஒன்றுதான் என்று ஒரு மாணவன் சொன்னான். அதை அப்படியே பேச்சில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

சாபம் அணி இத்தோடு ஜெயித்துவிட்டது என்று நினைக்கும். வரம் அணிக்கும் இதே பாட்டில் வழி இருக்கிறது. ஒளவை மிஞ்சியதால்தான் அதியமானை நமக்குத் தெரியும். எல்லாரும் ஒன்றாகச் செத்திருந்தால் அழ ஆள் ஏது, பாட்டு ஏது? கூடவே ஒரு கல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-ல் கண்டறியப்பட்ட, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாளி என்ற செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. துறவிகள் தங்க அவன் கொடுத்த குகையிடம். அவன் தானம் செய்த இன்னொன்றும் இப்படி மிஞ்சியிருக்கிறது.

ஒன்றை மட்டும் தடுத்துவிடுங்கள். நெல்லிக்கனி தின்ற ஒளவைதான் நூற்றாண்டுகள் வாழ்ந்து ஆத்திசூடியும் பாடினார் என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வரும். அவர்கள் வெவ்வேறு காலத்து ஒளவைகள். மக்கள் கதையாகச் சொல்கிறார்கள் என்று சொன்னால் தவறில்லை. வரலாறு என்று சொன்னால் மதிப்பெண் போகும்.

நம் பாட்டுகள் கேட்கும் கேள்வி

நெல்லிக்கனியோடு நிறுத்தாதீர்கள். நம் இலக்கியத்தில் சாகாமை வரும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், பக்கத்திலேயே சாப்பாடும் இருக்கும். புறநானூறு 182, ‘உண்டால் அம்ம இவ்வுலகம்’. இந்த உலகம் எதனால் நிலைத்திருக்கிறது என்றால், இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால். பாடியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் இறந்துபோனவர் என்பது பெயரிலேயே இருக்கிறது. திருக்குறள் 82-ம் இதையே சொல்கிறது. விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது, சாவா மருந்தாகவே இருந்தாலும் விரும்பத் தக்கதில்லை.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை முடிந்தால் ஒரு முழுப் பேச்சாகவே வைக்கலாம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில். கப்பல் அவனை ஆளில்லாத மணிபல்லவத் தீவில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அவன் ஒருவனே சாப்பிட்டால் காலம் முழுக்கச் சாப்பிடலாம். பலர் பசி தீர்க்கும் பாத்திரத்தை வைத்துத் தன் பசி மட்டும் தீர்ப்பதா என்று, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விட்டான். ஒரே ஒருவருக்கு மட்டும் தீராத வாழ்வு என்று நாம் எழுதிக் கையெழுத்திட்ட அதே நிபந்தனை. தீவோடு, பாத்திரத்தோடு, கதையாகவே இருக்கிறது. சாபம் அணியின் மூன்றாவது பேச்சாளருக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.

வரம் அணிக்கு வள்ளலார். மரணமிலாப் பெருவாழ்வு என்று வாழ்நாளெல்லாம் பேசியவர், 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்து அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, வந்தவர்களுக்கு எல்லாம் சோறு போடுகிறார்கள். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டதைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் அடக்கத்தோடு பேச வேண்டும். அது பலருக்கு நம்பிக்கை. நடந்ததா இல்லையா என்று பட்டிமன்றத்தில் வழக்காடக் கூடாது. சாகாமையை விரும்பியவர் அதைத் தனக்கு மட்டும் விரும்பவில்லை, முதலில் அடுத்தவர் பசியைப் பார்த்தார் என்பது மட்டும் பேச்சுக்குப் போதும்.

எதிரணி சொல்லப்போகும் நான்கு

சலித்துப் போகும் என்பார்கள். நாள் கூடினால் சலிப்பு கூடும் என்று கணக்கில்லை. கோடை விடுமுறையில் நான்காம் நாளே சலிக்கிறது. ஐம்பது வருடமாகக் காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் பாட்டிக்குச் சலிக்கவில்லை. இதைச் சொன்னால் வரம் அணிக்குக் கைதட்டல் கிடைக்கும். சாபம் அணி உடனே, கோலத்தைப் பார்க்க அந்தத் தெருவில் தெரிந்த முகம் இருக்கும்வரை சலிக்காது என்று திருப்பலாம்.

பூமி தாங்காது என்பது ஒருவருக்கு மட்டும் என்ற நிபந்தனையில் செல்லாது. எல்லாருக்கும் என்றால் மட்டும் எடுங்கள். அப்போதும் அரிசி, தண்ணீர்க் கணக்கைவிட, இருக்கிறவர்கள் போகாவிட்டால் பிறக்க வேண்டியவர்களுக்கு இடம் ஏது என்று கேட்பது பலமானது.

சாவு இருப்பதால்தான் வாழ்வுக்கு மதிப்பு என்பது எல்லா மேடையிலும் வரும். இதற்கு ஒரே கேள்வி போதும். அப்படியானால் முப்பதில் இறந்தவர் வாழ்வு எண்பதில் இறந்தவர் வாழ்வைவிட மதிப்பு கூடியதா? இதைக் கோபமில்லாமல் மெதுவாகக் கேட்கப் பழக்குங்கள்.

நான்காவது பலருக்குத் தோன்றுவதில்லை. கொடுங்கோலனும் சாகமாட்டான். இரணியன் கேட்ட வரத்தை எண்ணிப் பாருங்கள். மனிதனாலும் இல்லை, மிருகத்தாலும் இல்லை, பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. வரம் யார் கைக்குப் போகும் என்று தெரியாதபோது அதை நல்லது என்று எப்படிச் சொல்வது? வரம் அணிக்கு இதற்கு நல்ல பதில் இன்னும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் பிள்ளை சொன்னால் மகிழ்வேன்.

எழுதுவதும் பேசுவதும்

நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். ஐந்து நிமிடத்துக்கு நானூற்றைம்பது போதும். தாய்மொழிக்கு வணக்கம், அவையோருக்கு வணக்கம், ஆன்றோருக்கு வணக்கம் என்று முக்கால் நிமிடம் போக்காமல் ஒரே வணக்கத்தோடு விஷயத்துக்கு வரச் சொல்லுங்கள். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். செய்யுள் வரிகளை மட்டும் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். மற்றதுக்கு உள்ளங்கை அளவு சீட்டில் ஐந்து சொற்கள். முதல் மணி நான்காவது நிமிடத்தில் அடிக்கும். அப்போது எங்கே இருக்க வேண்டும் என்று சீட்டில் கோடு போட்டுக்கொள்ளட்டும்.

வயதானவர்களைப் பற்றி இழிவாக ஒரு சொல் வரக்கூடாது. ‘கிழடு தட்டி எல்லாருக்கும் பாரமாக’ என்று சாபம் அணி எழுதும். முன் வரிசையில் தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரியை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். மூப்பின் வலியைச் சொல்லலாம். மூத்தவரைச் சுமை என்று சொல்லக் கூடாது.

நடுவரை எப்படித் தேர்வது

நன்றாகப் பேசும் பிள்ளையைவிட நன்றாகக் கேட்கும் பிள்ளையை நடுவராக்குங்கள். கையெழுத்திட்ட நிபந்தனைத் தாள் நடுவர் கையில் இருக்க வேண்டும். யாராவது நிபந்தனையை மீறிப் பேசினால் அங்கேயே சொல்ல வேண்டும். தீர்ப்பில், வரமும்தான் சாபமும்தான் என்று மழுப்ப அனுமதிக்காதீர்கள். ஆறு பேர் இரண்டு வாரம் உழைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு முடிவு சேர வேண்டும். ஒவ்வொருவர் பேச்சிலிருந்தும் ஒரு வாதத்தை எடுத்துச் சொல்லி, எது எதை வீழ்த்தியது என்று காட்டி, கடைசியில் ஒரு பக்கத்தைச் சொல்லட்டும்.

‘டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?’ என்று எப்படியும் கேட்பார்கள். பட்டிமன்றம் முடியும்வரை சொல்லமாட்டேன். முடிந்ததும் ஒளிக்காமல் சொல்வேன். எனக்கு மட்டும் என்றால் சாபம். என் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டு நான் ஒருத்தி இருக்க முடியாது. எல்லாருக்கும் என்றால், பிறக்கப்போகும் பிள்ளைகளை நினைத்துத் தயங்குவேன். ஆனால் இப்போதைக்கு யாராவது வந்து, உன் அம்மாவுக்கு இன்னும் பத்து வருடம் என்றால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். பத்து முடிந்தால் மறுபடி கேட்பேன். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று ஒரு மாணவன் கேட்டான். இடிக்கிறதுதான் என்றேன்.

கடைசி ஒத்திகைக்கு முன்தினம் அணிகளை மாற்றிவிடுங்கள். வரம் பேசிய பிள்ளை சாபம் பேசட்டும், சாபம் பேசிய பிள்ளை வரம் பேசட்டும், சீட்டு இல்லாமல் ஆளுக்கு இரண்டு நிமிடம். முனகுவார்கள். ஆனால் எதிரணியின் ஆபுத்திரனைத் தன் வாயால் சொல்லிப் பார்த்த பிறகுதான் அதற்கு மறுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். மறுநாள் பழைய அணிக்குத் திரும்பி முழு ஒத்திகை, மணியோடு. மேடைக்குக் கீழே ஒரு குடம் தண்ணீரும் ஏழு டம்ளரும் இருக்கட்டும்.